பகடையைக் கணினிக்குள் போடலாம், நடுவரை?

"கதவைத் திறந்துகொண்டு முதலில் எவன் வருகிறானோ, அவன்மேல் அம்பு விடுவேன்." டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே ஆடும் ஆட்டம். அதில் ஒருவர் இப்படிச் சொன்னால், ஆட்டத்தை நடத்துகிற நடுவரான டன்ஜன் மாஸ்டர் சரி என்பார், கதவு திறந்ததும் பகடையை உருட்டச் சொல்வார். ஐந்தாம் பதிப்பு விதிகளில் இதற்கு 'ரெடி' என்று பெயர். அதே பதிப்பை வைத்து லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமில் ரெடி கிடையாது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நிபந்தனையை ஆடுபவர் வாய்க்கு வந்தபடி சொல்வார். வருவது நம் ஆளாக இருந்தால்? உள்ளே வராமல் எட்டி மட்டும் பார்த்தால்? இதையெல்லாம் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் இருப்பார் என்று நம்பித்தான் விதிப் புத்தகமே எழுதப்பட்டிருக்கிறது. உரிமம் வாங்கி வீடியோ கேம் செய்கிறவர்களுக்குப் புத்தகம் கைக்கு வரும், அந்த நடுவர் வரமாட்டார்.

விதிகளைக் கணினிக்குக் கொண்டுபோகும்போது கணக்கில் சிக்கலே இல்லை. உதாரணமாக, 20 முகப் பகடையை உருட்டி, அதோடு திறமைக்கென்று 5 கூட்டி, எதிரியின் கவச எண்ணான 15-ஐத் தொட்டால் அடி விழும். அதாவது பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும்: 55 சதவீதம். 'அட்வான்டேஜ்' கிடைத்து, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்தால் கிட்டத்தட்ட 80. கணினிக்கு இது ஒரு வேலையே அல்ல.

நேரம்தான் படுத்தும். பயோவேர் நிறுவனம் 1998-இல் செய்த முதல் பால்டர்ஸ் கேட், அப்போதைய இரண்டாம் பதிப்பைப் பின்பற்றியது. அந்தப் பதிப்பில் சண்டையின் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். மேசையில் அது வெறும் சொல்; திரையில் ஒருவன் நிமிடத்துக்கு ஒருமுறை வாளை வீசினால் பார்க்கிறவர் தூங்கிவிடுவார். அதனால் சுற்றை 6 விநாடியாகச் சுருக்கினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே சண்டை போடுவார்கள், நாம் வேண்டும்போது நிறுத்திக் கட்டளை கொடுக்கலாம். அப்புறமும் 6 விநாடிக்கு ஒரு அடி என்பது மந்தமாகத்தான் தெரியும். எனவே இடையில் வீசப்படும் வாள்களில் பல சும்மா ஒப்புக்கு வீசப்படுபவை. அவற்றுக்குப் பின்னால் பகடையே உருளாது.

அதிர்ஷ்டம் இன்னொரு தலைவலி. 55 சதவீத வாய்ப்பு இருந்தும் மூன்று முறை தொடர்ந்து தவறுவதற்கு 9 சதவீத வாய்ப்பு உண்டு. நீண்ட ஆட்டத்தில் இது அடிக்கடி நடக்கும். மேசையில் நடந்தால் சிரிப்பார்கள். மனமிரங்கி, தன் பகடையை மறைக்கும் தட்டிக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்கிற நடுவர்களும் உண்டு. திரையில் நடந்தால் "கேம் ஏமாற்றுகிறது" என்பார்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் இதற்காகவே 'கர்மிக் டைஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. தொடர் தோல்வி வராதபடி பகடையை அது லேசாகச் சாய்க்கும். இரக்கமுள்ள நடுவரின் வேலைதான். என்னைக் கேட்டால், அதை அணைத்துவிட்டு ஆடுவதில்தான் ருசி.

சரி, உரிமமே கைநழுவினால்? ஃபால்அவுட் என்ற வீடியோ கேம் முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் 'கர்ப்ஸ்' என்ற மேசை ஆட்ட விதிகளின்மேல்தான் எழுந்தது. ஒப்பந்தம் பாதியில் முறிந்ததும், குழு 'ஸ்பெஷல்' என்று சொந்தமாக ஒரு முறையை அவசரமாக எழுதி, 1997-இலேயே ஆட்டத்தை வெளியிட்டுவிட்டது. வலிமை, கூர்மை, அதிர்ஷ்டம் என ஏழு பண்புகள்; மற்றதெல்லாம் சதவீதம். ஒருவனைக் குறிவைத்தால் திறமை, தூரம், கவசம், வெளிச்சம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, 95-ஐத் தாண்டாத ஓர் எண்ணைத் திரை காட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இவ்வளவு கழித்தல் என்றால் மேசையில் எழுந்து போய்விடுவார்கள்.

2021-இல் மோடிஃபியஸ் நிறுவனம் அதே ஃபால்அவுட்டை மேசை ஆட்டமாக்கியது. ஏழு பண்புகளும் அப்படியே வந்தன, சதவீதம் வரவில்லை. பண்பையும் திறமையையும் கூட்டிக்கொண்டு, இரண்டு 20 முகப் பகடைகளை உருட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குள் விழுந்தவற்றை எண்ணினால் போதும்.