மணல் ஈ, அந்துப்பூச்சி: ரெண்டு காட்டுப் பூச்சி, ரெண்டு பேரு

சாண்ட்ஃபிளைய தமிழ்ல மணல் ஈன்னு எழுதுறோம், இங்கிலீஷ்ல இருந்து அப்படியே மாத்தினது. பேரைக் கேட்டா ஏதோ கடற்கரை மணல்ல மொய்க்கிற ஈன்னு தான் தோணும், ஆனா இது வளர்றது காட்டுல இலை மக்கிக் கிடக்கிற ஈர மண்ணு, கரையான் புத்து, ஊருக்குள்ளன்னா மாட்டுக்கொட்டகை சுவர் வெடிப்பு, இந்த மாதிரி இடத்துல தான். கொசுவை விடச் சின்னது, 3 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம், சத்தமே கேக்காது, சாதாரண கொசுவலை ஓட்டைல நுழைஞ்சு வந்துரும்.

அறிவியல் பேரு தான் இதோட வேலையைச் சரியா சொல்லுது. ஃபிளெபோடோமஸ்னா கிரேக்கத்துல ரத்தக்குழாயை வெட்டுறதுன்னு அர்த்தம். பெண் பூச்சி மட்டும் தான் கடிக்கும், அந்தக் கடில தான் காலா அசார், அதாவது கருங்காய்ச்சல் பரவுது. 1903-ல மெட்ராஸ்ல வேலை பார்த்த டாக்டர் சார்லஸ் டோனவன் மண்ணீரல்ல அந்தக் கிருமியைப் பார்த்தார், அதான் கிருமி பேருலயே டோனவானின்னு அவர் பேரும் இருக்கு.

அந்துப்பூச்சி வேற கதை. அந்துன்னா நெல்லைத் துளைக்கிற பூச்சி, மூட்டையை அசைச்சா வைக்கோல் நிறத்துல பொடிசாப் பறக்கும் பாருங்க, அது தான். வீட்டு நெல்லுல பார்த்த அந்தப் பேரையே இங்கிலீஷ்ல மாத் (moth)னு சொல்ற வகை எல்லாத்துக்கும் வச்சுட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கிற அட்லஸ் பூச்சி இறக்கையை விரிச்சா 20 சென்டிமீட்டருக்கு மேல, நுனி பாம்புத்தலை மாதிரியே இருக்கும், அதையும் அந்துன்னு சொல்றது எனக்கு ஒட்டவே இல்ல. மலையாளத்துல நாகசலபம்ங்கிறாங்க, எவ்வளவு அழகா இருக்கு! அதுக்கு வேலை செய்ற வாயே கிடையாது, புழுவா இருந்தப்ப தின்னதை வச்சே சில நாள் வாழ்ந்துட்டுப் போயிரும். நம்மகிட்ட விட்டில்னு நல்ல சொல்லு இருக்கு, விளக்கைத் தேடி வர்ற எல்லாத்துக்கும் அதையே எழுதலாம், என்ன, பழைய அகராதில வெட்டுக்கிளியும் விட்டில் தான்.

மணல் ஈக்கு ரெண்டு இறக்கை, உடம்பு பூரா மயிர், அந்துப்பூச்சிக்கு நாலு இறக்கை, தொட்டா விரல்ல செதில் பொடியா ஒட்டும். உறவே இல்ல. ஆனா மணல் ஈயோட குடும்பப் பேரு சைகோடிடே, சைகின்னா கிரேக்கத்துல உயிர், வண்ணத்துப்பூச்சி ரெண்டும். பாத்ரூம் சுவத்துல இதய வடிவத்துல ஒட்டிட்டு இருக்குமே ஒரு குட்டிப் பூச்சி, அதுவும் இதே குடும்பம், அது கடிக்காது, கிட்டப் போய்ப் பாருங்க, அச்சு அசல் குட்டி விட்டில் தான்.