ரிமோட் ஆக்சஸ்: தொலை அணுகலும் அணுகுரிமையும்

ஒரு நிறுவனத்தின் கணினிகளில், அந்த நிறுவனத்தின் வளாகத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காமலேயே வேலை செய்யப்போகும் வெளிமுகமை (அவுட்சோர்சிங்) பணியாளருக்கு முதல் நாளில் தேவைப்படுவது ‘ரிமோட் ஆக்சஸ்’. ‘ஆக்சஸ் வந்துவிட்டதா’ என்று கேட்பவரும் ‘இன்னும் வரவில்லை’ என்று பதில் சொல்பவரும் பல நேரங்களில் இருவேறு பொருள்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். ஒருவர் கேட்பது இணைப்பு. மற்றவர் சொல்வது அனுமதி. இந்தக் குழப்பம் ஆங்கிலச் சொல்லோடு பிறந்தது. தமிழாக்கும்போது அதையும் சேர்த்துச் சுமந்து வர வேண்டியதில்லை.

‘ரிமோட்’ என்பதன் வேர் இலத்தீனில் உள்ளது. ‘மொவேரே’ என்றால் நகர்த்துதல். ‘ரெ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘ரெமொவேரே’ ஆனால் பின்னுக்கு நகர்த்துதல், அகற்றுதல். அதிலிருந்து வந்த ‘ரெமோத்துஸ்’ அகற்றப்பட்டதை, விலகி இருப்பதைக் குறித்தது. ‘ஆக்சஸ்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் செல்லும் சொல். ‘நோக்கி’ எனப் பொருள்படும் ‘அத்’ என்பதும் ‘செல்’ எனப் பொருள்படும் ‘கேதெரே’ என்பதும் சேர்ந்த ‘அக்கேதெரே’ கிட்டச் செல்வதைக் குறிக்கும். ஆகவே விலகி நிற்பதை நெருங்குதல் என்பதே இத்தொடரின் சொற்பொருள். முற்கால ஆங்கிலத்தில் காய்ச்சல் வந்து தாக்குவதையும் ‘ஆக்சஸ்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். காவலின்றித் திறந்துவிடப்பட்ட கணினியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழம்பொருள் வியப்பைத் தராது.

தமிழில் ‘அணுகு’ என்னும் வினை நமக்குப் புதிதன்று. ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்னும் 691ஆம் குறளில், இங்கே நமக்கு வேண்டிய இரண்டு அசைவுகளும், அகலுதலும் அணுகுதலும், அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்கு மிக நெருங்கிப் பணி செய்தவனை ‘அணுக்கன்’ என்பது பழைய வழக்கு. இந்த வினையோடு ‘அல்’ ஈறு சேர்ந்து தொழிற்பெயரானதே ‘அணுகல்’.

‘தொலை’ சற்றுச் சுற்றிவந்த சொல். அழிதல், தோற்றல், முடிதல் என்பன அதன் பழம்பொருள்கள். ‘சாவி தொலைந்துவிட்டது’ என்னும்போது அந்தப் பொருளின் நிழல் இன்றும் தெரிகிறது. தூரத்தைக் குறிக்கும் ‘தொலைவு’ வழியாகவே அது கலைச்சொல் ஆக்கத்துக்குள் வந்தது. தூரம் எனப் பொருள்படும் கிரேக்கத்தின் ‘தேலெ’ என்னும் முன்னொட்டுக்குப் பொருளிலும் ஒலியிலும் அது பொருந்தி நின்றதால் தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி என்ற வரிசை நிலைத்தது. இப்போது ‘ரிமோட்’ என்பதற்கும் அதே சொல்லே பயன்படுகிறது. ‘சேய்மை அணுகல்’ என்று எழுதுவாரும் உண்டு. சேய்மைச்சுட்டு, அண்மைச்சுட்டு என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்கு அது உடனே விளங்கும். ஆனாலும் வழக்கில் வென்றது ‘தொலை’தான். ‘தொலைநிலை அணுகல்’ என்பதில் உள்ள ‘நிலை’ எந்தப் பொருளையும் கூட்டவில்லை என்பது என் கருத்து. புணர்த்தி எழுதினால் ‘தொலையணுகல்’ என்றாகும். பிரித்து எழுதுவது படிக்க எளிது.

இனிப் பொருளுக்கு வருவோம். வலையமைப்பு வழியாகத் தொலைவில் உள்ள கணினியில் நுழைந்து கட்டளையிடும் பழைய முறைகளுள் ஒன்று, 1969இல் உருவாகத் தொடங்கிய டெல்நெட். அதில் கடவுச்சொல் உட்பட எல்லாம் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) இன்றியே பயணம் செய்தன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் 1995இல் மறையாக்கத்துடன் கூடிய எஸ்எஸ்எச் முறையை வெளியிட்டார். திரையையே தொலைவுக்குக் கொண்டுசெல்லும் ஆர்டிபி முறையை மைக்ரோசாஃப்ட் 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பில் வெளியிட்டது.

வெளிமுகமைப் பணியாளருக்கு ஏற்பாடு செய்யும்போது இரண்டு வழிகள் முன்னே நிற்கின்றன. இரண்டையும் ‘ஆக்சஸ்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது பெரும் வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பில், பணியாளரின் கணினியே மறையாக்கப்பட்ட வழியில் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வந்து சேர்கிறது. அந்தக் கணினியில் தீநிரல் (வைரஸ் போன்ற தீங்கு செய்யும் நிரல்) இருந்தால் அதுவும் கூடவே வரக்கூடும். நிறுவனத்தின் கணினியில் இயங்கும் திரையைத் தொலைவில் காட்டும் மெய்நிகர் மேசைத்தளத்தில் அவருடைய கணினி வெளியிலேயே நிற்கிறது: அவர் தட்டும் விசைகளும் சுட்டியின் அசைவும் உள்ளே போகின்றன, திரையின் படம் வெளியே வருகிறது. நகலெடுத்து ஒட்டுவதையும் வட்டுப் பகிர்வையும் முடக்கிவிட்டால் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். திரையைக் கைப்பேசியில் படம் பிடிப்பதைத் தவிர்க்க அதற்கும் வழியில்லை. முன்னதில் கணினி அணுகுகிறது. பின்னதில் பணியாளரின் கையும் கண்ணும் மட்டுமே அணுகுகின்றன. நிறுவனத்தின் கணினியை நேரடியாக இணையத்தில் திறந்து வைத்து, ஆர்டிபிக்குரிய 3389 என்னும் வாயில் (போர்ட்) எண்ணைக் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிடுவதும் ஒரு வழியாக நடைமுறையில் உண்டு. அதைத் தொலை அணுகல் ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாம் இணைப்பைப் பற்றியவை. ‘ஆக்சஸ்’ என்பதன் மற்றொரு பொருள், உள்ளே வந்தபின் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தம் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமைகளோடு மட்டுமே இயங்க வேண்டும் என்னும் நெறியை கணினி அறிவியலாளர்களான ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் தம் கட்டுரையில் எடுத்துரைத்தார்கள். இந்தப் பொருளுக்கு ‘அணுகல்’ போதாது. ‘அணுகுரிமை’ என்பதே தகும். அணுகல் ஒரு செயல். அணுகுரிமை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது, ஆகவே திரும்பப் பெறக்கூடியது.

‘அவுட்சோர்சிங்’ என்பதற்கு ‘அயலாக்கம்’ என்ற சொல்லும் உண்டு. அது வேலையை வெளியே கொடுக்கும் செயலைச் சுட்டுகிறது. செய்தித்தாள்களில் பழகிவிட்ட ‘வெளிமுகமை’ ஆளை அனுப்பும் அமைப்பைச் சுட்டுகிறது. பணியாளரைப் பற்றிப் பேசும் இடத்தில் பின்னதே பொருத்தம், ஏனென்றால் அவருக்கு அணுகுரிமை கொடுப்பது ஒரு நிறுவனம், சம்பளம் கொடுப்பது வேறொன்று. அவர் வேலையை விட்டு விலகிய செய்தி முதல் நிறுவனத்துக்குத் தாமதமாக வந்து சேர்வதும் இதனால்தான். பலர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தால், போனவர் யார், இருப்பவர் யார் என்பதே பதிவேட்டில் தெரியாது. ஆளுக்கொரு கணக்கும், ஒப்பந்தம் முடியும் நாளிலேயே காலாவதியாகும் உரிமையும், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பும் இதற்காகவே கேட்கப்படுகின்றன.

எனவே ஒப்பந்தத்திலோ கையேட்டிலோ ‘ஆக்சஸ் நிறுத்தப்படும்’ என்று வரும் இடத்தில் மொழிபெயர்ப்பவர் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ‘தொலை அணுகல் துண்டிக்கப்படும்’ என்றால் விபிஎன் இணைப்பு அறும். மின்னஞ்சலும் மேகத்தில் (இணையவழிச் சேமிப்பில்) உள்ள கோப்புகளும் அதே பயனர்பெயருக்குத் திறந்தே இருக்கலாம். ‘அணுகுரிமை நீக்கப்படும்’ என்றால் அந்தப் பயனர்பெயருக்கு எந்தக் கதவும் திறக்கக்கூடாது.