பேறுசார் மனநல மருத்துவம்: சொல்லும் பொருளும்

கருவுற்ற நாள் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை தாய்க்கு வரக்கூடிய மனநோய்களைக் கண்டறிந்து, கருவுக்கும் தாய்ப்பாலுக்கும் தீங்கு நேராதவாறு மருத்துவம் செய்யும் சிறப்புத் துறையைப் ‘பெரினேட்டல் சைக்கியாட்ரி’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் இன்னும் ஒரே பெயர் நிலைபெறவில்லை. குடியாத்தம், பலமனேர், சித்தூர், நகரி என்று தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை ஊர்களில் இந்தக் குறை கூடுதலாகத் தெரிகிறது. மகளைத் தலைப்பிள்ளைக்கு எல்லை கடந்து அழைத்து வரும் தாய்க்கும், அவளைத் திரும்ப அனுப்பி வைக்கச் சொல்லும் மாமியாருக்கும் ஒருசேர விளங்கும் பெயராக அது இருக்க வேண்டும்.

‘பெரி’ என்னும் கிரேக்க முன்னொட்டுக்குச் ‘சுற்றிலும்’ என்று பொருள். ‘நேட்டல்’ பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிறப்பைச் சூழ்ந்த காலம் என்பதே நேர்ப்பொருள். ஆனால் அந்தக் காலத்தின் அளவு துறைக்குத் துறை மாறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பத்தாம் பதிப்பில், சூலின் 22 வாரம் நிறைந்ததிலிருந்து பிறந்த பின் 7 நாள் வரை என்று கணக்கிட்டது. அது சிசுவின் உயிர்ப்பிழைப்பை முன்னிட்ட கணக்கு. மனநல மருத்துவர்கள் அதே சொல்லைத் தாயை முன்னிட்டு ஆளுகிறார்கள். ஆகவே சூல்காலம் முழுவதையும், பேற்றுக்குப் பின் ஓராண்டையும் சேர்க்கிறார்கள். குழந்தை மருத்துவ நூலிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் பொருள் சுருங்கிவிடும்.

நம்மிடம் உள்ள சொற்களில் மூத்தவை சூலும் பேறும். ‘பெறு’ என்னும் வினையின் முதல் எழுத்து நீண்டு ‘பேறு’ ஆயிற்று. திருக்குறளின் ‘மக்கட்பேறு’ என்னும் அதிகாரப் பெயரில் இருப்பதும் இதுவே. சூலைத் தெலுங்கர் ‘சூலு’ என்பர். பிள்ளை பெற்றவளுக்கு அவர்களிடம் ‘பாலிந்த’ என்ற அழகிய தனிச்சொல் உண்டு. பெற்ற புதிதில் அவளே ‘பச்சி பாலிந்த’. நம் பெண்கள் ‘பச்சை உடம்புக்காரி’ என்று சொல்வதும் அதே பரிவில்தான். இரு மொழியிலும் சூலியை ஒரு சொல்லும் பெற்றவளை வேறொரு சொல்லும் குறிக்கின்றன. இரண்டு நிலைகளையும் ஒரே நீட்சியாகக் காண்பதே இந்தத் துறையின் சாரம் என்பதால், புதிய கூட்டுச்சொல் ஒன்று தேவைப்படுகிறது.

‘பிரசவத்துக்குப் பிந்தைய மனநலம்’ என்ற வழக்கு பரவலாக உள்ளது. அதை ஏற்க இயலாது. பேற்றுக்குப் பின் வந்ததாக எண்ணப்படும் கடும் மனச்சோர்வில் ஏறக்குறையப் பாதி, பேற்றுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு குறிப்பிடுகிறது. வளைகாப்பன்று சிரிக்காமல் அமர்ந்திருந்த பெண்ணை அந்தப் பெயர் விட்டுவிடுகிறது. ‘பேறுகால மனநலம்’ அதைவிட மேல். அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் ‘பேறுகால முன்கவனிப்பு’, ‘பேறுகாலப் பின்கவனிப்பு’ என்று ஏற்கெனவே சொல்லி வருவதால் காதுக்கும் பழகியது. ஆயினும் பேச்சு வழக்கில் பேறுகாலம் என்றால் வலி கண்டு பெறும் நாளும் அதை ஒட்டிய சில வாரங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஐந்தாம் மாதத்தில் உறக்கமின்றித் தவிப்பவள் அது தனக்கான பிரிவு என்று எண்ணமாட்டாள். ‘பேறுசூழ்’ என்பது கிரேக்கத்தின் நேர் பெயர்ப்பு. பேசுவதற்கு முரடாக இருக்கிறது. முன்னும் பின்னும் ஒட்டியிருப்பதை உணர்த்தும் ‘சார்’ சேர்த்துப் ‘பேறுசார் மனநல மருத்துவம்’ என்பதே தக்கது என்று கருதுகிறேன்.

பழைய வழக்கில் ஒன்று கவனத்துக்குரியது: ‘பிரசவ சன்னி’. சன்னிபாதம் என்பதன் குறுக்கமான சன்னி, வாத பித்த கபம் மூன்றும் ஒருங்கே கெடுவதால் வரும் பிதற்றலைச் சுட்டியது. கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல் பிதற்றலும், காய்ச்சலின்றி வரும் சித்தப்பிரமையும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கின. பின்னதைப் ‘பேறுசார் உளப்பிறழ்வு’ எனத் தனியே பிரிக்கலாம். ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரென வரும் இந்நோயைக் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது. சன்னி என்று எவரேனும் சொன்னால் சொல்லைத் திருத்த வேண்டியதில்லை; இரண்டில் எதுவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். மூன்றாம் நாள் முதல் வந்து இரு வாரங்களுக்குள் தானே தணியும் அழுகையும் கலக்கமும் வேறு. அதற்குப் ‘பேற்றுக் கலக்கம்’ போதும்.

‘பேறுசார் மனச்சோர்வு’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நம் பகுதியில் ஆராயப்பட்டதும் கூட. வேலூர்ப் பகுதிச் சிற்றூர்ப் பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு, பேற்றுக்குப் பின் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்ததைக் காட்டியது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, வேலைக்கு ஒத்தாசையின்மை ஆகியவற்றோடு அது தொடர்புற்றிருந்தது. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியலின் பத்துக் கேள்விகளும் தமிழாக்கப்பட்டு 2005இல் சரிபார்க்கப்பட்டன. கடந்த ஏழு நாள் மனநிலையை மட்டுமே அவை கேட்கின்றன. தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது பத்தாவது கேள்வி.

இத்துறையின் மற்றொரு சொல் ‘மதர் பேபி யூனிட்’. ‘தாய்சேய் மனநலப் பிரிவு’ என்று இயல்பாகவே சொல்லலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் அத்தகைய பிரிவு இயங்குகிறது. தாய் மருத்துவம் பெறும்போது குழந்தை அவளுடனேயே இருக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை மனநல மருத்துவமனையில் சேர்ந்த தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. அருகில் இத்தகைய பிரிவு இல்லாத ஊர்களில் உள்ளவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். எல்லையின் இரு பக்கமும் எண் ஒன்றே, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.