கன்சோல்: தூணிலிருந்து டிவிக்கு வந்த சொல்

கன்சோல் என்றதும் இன்று பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோதான் நினைவுக்கு வரும். டிவியோடு இணைத்து வீட்டில் வீடியோ கேம் ஆடுவதற்கென்றே செய்த கருவி என்பது இன்றைய பொருள். ஆனால் இந்தச் சொல் மின்சாரத்துக்கு முந்தியது. பிறந்த இடம் கட்டடக்கலை.

பழைய கோயில் மண்டபம் ஒன்றில் தூணோரம் நின்று அண்ணாந்து பாருங்கள். தூணின் தலைக்கும் மேலே கிடக்கும் உத்திரத்துக்கும் நடுவில், இரு பக்கமும் கை நீட்டினாற்போல ஒரு கல் இருக்கும். பல்லவர் கோயில்களில் அதன் விளிம்பு அலை அலையாக மடிந்திருக்கும். நாயக்கர் மண்டபங்களில் நுனியில் வாழைப்பூ போல ஒரு மொட்டு தொங்கும். அதற்குப் போதிகை என்று பெயர். பிரான்சில், சுவரிலிருந்து நீண்டு வந்து மேலே இருப்பதைத் தாங்கும் அலங்காரக் கல்லைக் கன்சோல் என்றார்கள். ஏறக்குறைய நம் போதிகை செய்கிற வேலைதான்.

பிரெஞ்சிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. உறுதியாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். தேவாலய இருக்கைகளில் பலகைகளைத் தாங்கி நிற்கும்படி செதுக்கிய மனித உருவங்களை ‘ஆறுதல் தருபவர்’ என்று பிரெஞ்சில் அழைத்தார்கள், அது சுருங்கித்தான் கன்சோல் ஆனது என்பார்கள் மற்றவர்கள். ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்வதைக் குறிக்கும் வினைக்கும் இதே எழுத்துகள்தான். பாரம் சுமக்கிறவனுக்கு ஆறுதல் தருபவன் என்று பெயர் வைத்த அழகுக்காகவே இரண்டாவது கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்புறம் சொல் மெல்ல நகர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவியில் கட்டைகளும் இழுப்பான்களும் இருக்கும் மேசைப் பகுதி கன்சோல் ஆனது. 1920-களில், தரையில் அலமாரி போல நிற்கும் மரக்கூட்டு ரேடியோ. பிறகு டிவியும் அதே மாதிரி மரக்கூட்டில் வந்தது. பொத்தான்கள் நிறைந்த கட்டுப்பாட்டு மேசையும் கன்சோல்தான். ஆக, விளையாட்டு வருவதற்கு முன்பே இந்தச் சொல் கூடத்தில் இடம் பிடித்துவிட்டது.

1966 ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் பேருந்து நிலையம் ஒன்றில் காத்திருந்த ரால்ஃப் பேயர் என்ற பொறியாளருக்கு ஒரு யோசனை. வீட்டுக்கு வீடு டிவி இருக்கிறதே, அதில் ஏன் விளையாடக் கூடாது? மறுநாளே நான்கு பக்கம் எழுதி வைத்தார். பாதுகாப்புத் துறைக்குக் கருவிகள் செய்த சாண்டர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சகாக்கள் இருவரோடு அதை உருவாக்கினார். மரநிறத் தாள் ஒட்டிய அந்த மாதிரிக்கு வழங்கிய பெயர் ‘பழுப்புப் பெட்டி’. ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் டிவி கேம். கன்சோல் என்ற சொல் அங்கே இல்லை.

அந்தப் பெட்டிதான் 1972-இல் மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற பெயரில் கடைக்கு வந்தது. வீட்டில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகளில் முதலாவது. வண்ணமும் இல்லை, ஒலியும் இல்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும். டென்னிஸ் ஆட வேண்டுமா? மைதானம் அச்சிட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை எடுத்து டிவித் திரையில் ஒட்ட வேண்டும். திரையில் இருக்கும் நிலைமின்சாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். புள்ளிக் கணக்கு எழுதுவது உங்கள் வேலை. பெட்டிக்குள் பகடையும் சீட்டும் காகிதப் பணமும்கூட இருந்தன. பாதி மின்னணு, பாதி தாயக்கட்டம் என்று சொல்லலாம்.

1976-இல் ஜெர்ரி லாசன் குழுவின் ஃபேர்சைல்ட் சேனல் எஃப், நிரலைத் தாங்கிய கேசட்டை மாற்றி மாற்றிப் போடும் வழியைத் திறந்தது. மறு ஆண்டு வந்த அடாரி விசிஎஸ் அதையே உலகப் புகழ் பெறச் செய்தது. அடாரியின் முகப்பைப் பாருங்கள், மரம் போன்ற பட்டை. ஆடும் கருவியாக இருந்தாலும் கூடத்து மரச்சாமான்களோடு சேர்ந்துபோக வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. கன்சோல் என்ற மரச்சாமான் சொல் அதன்மேல் ஒட்டிக்கொண்டதில் எனக்கு வியப்பே இல்லை.

ஆனாலும் எல்லாரும் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்த பிறகு, 1985-இல் அங்கே போன நிண்டெண்டோ தன் சாம்பல் நிறப் பெட்டிக்கு ‘கன்ட்ரோல் டெக்’ என்று பெயரிட்டு, வீடியோ கேசட் ஓட்டும் விசிஆர் போலத் தோற்றம் கொடுத்து விற்றது. ஜப்பானில் அதன் மூலப் பெயர் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’. ஜப்பானியர் பொதுவாகச் சொல்வது ‘வீட்டு கேம் எந்திரம்’ என்றுதான். ஆட்டத்துக்கு அவர்கள் வழக்கில் டிவி கேம் என்ற பெயரும் உண்டு.

நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அத்தை வீட்டில் டிவிக்குப் பின்னால் கம்பியைச் செருகி, புள்ளிமழை தெளியும்வரை சேனலைத் திருகிக்கொண்டே, “டிவி கேம் வந்துருச்சா?” என்று கத்துவோம். பேயர் பெயரையே கேள்விப்படாத பிள்ளைகள் வாயில் அவர் வைத்த பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மொழிபெயர்ப்புகளில் பணியகம் என்று பார்க்கிறேன். இது பொருந்தவே பொருந்தாது. பணியகம் என்றால் அலுவலகம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று அரசு நிறுவனமே இருக்கிறது. முனையம் என்பது கணினியில் கட்டளை தட்டும் திரைக்குச் சரி, விளையாட்டுக்கு ஒட்டாது. நிகழ்பட ஆட்டக் கருவி பிழையில்லாத சொல்தான், ஆனால் கடையில் போய் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

என் தேர்வு ஆட்டப்பெட்டி. ஆங்கிலத்தில் கன்சோல் ரேடியோ என்றதை நாம் வானொலிப் பெட்டி என்றோம். தொலைக்காட்சிப் பெட்டி, சுருதிப்பெட்டி, ஆர்மோனியப் பெட்டி என்று, உள்ளே என்ன நடந்தாலும் கூட்டைப் பார்த்துப் பெயரிடுவது நம் வழக்கம். கன்சோல் என்ற சொல்லும் அதே பாதையில்தான் வந்திருக்கிறது. விளையாட்டுப் பெட்டி என்றால் பொம்மை போட்டு வைக்கும் பெட்டி என்ற பொருளும் வந்துவிடும். ஆட்டம் என்றால் சீட்டு, கேரம், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் நாம் சொல்கிற சொல், குழப்பம் இல்லை.

காசு போட்டு ஆடும் கடை எந்திரத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் வீட்டு ஆட்டப்பெட்டி எனலாம். 1989-இல் வந்த கேம் பாய் போன்றவை கையடக்க ஆட்டப்பெட்டிகள். 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கையில் இருந்தால் கையடக்கம், டிவி பக்கத்துத் தாங்கியில் செருகினால் வீட்டுப் பெட்டி.