பேத்தியை ஏன் விரட்டுகிறீர்கள்?

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம், வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் அறை. பக்கவாதம் வந்து ஐந்து வாரமான 72 வயது அப்பத்தா, வலக்கை மடங்கியபடி கட்டிலில் கிடக்கிறார். விடுமுறைக்கு வந்த ஆறு வயதுப் பேத்தி நிலைப்படிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்க்கிறாள். "உள்ளே வராதே, அப்பத்தாவுக்கு ஓய்வு வேண்டும்" என்று விரட்டுகிறார் மருமகள். அந்த ஓய்வைக் கெடுக்கத்தானே அம்மா இயன்முறை மருத்துவரான என்னை வரவழைத்தீர்கள்?

பக்கவாதம் தொற்றாது. நூறு முறை சொல்லியாயிற்று, இன்னொரு முறையும் சொல்கிறேன். மூளைக்குள் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாலோ வெடித்ததாலோ வந்தது அது. அப்பத்தாவின் கையைப் பிடித்தால் ஒட்டாது. மடியில் படுத்தால் ஒட்டாது. அவர் தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பட்டணத்தில் படித்து வேலை பார்க்கும் மகன்களே இதை என்னிடம் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தவர்களின் கதை இன்னும் மோசம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே மருத்துவமனையில் பிடித்து நிற்க வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் படுக்க வைத்துவிடுகிறீர்கள். பத்து நாள் படுத்தால் தொடைத்தசை எவ்வளவு கரையும் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்குப் பேத்தியைக் கூப்பிட்டுப் பல்லாங்குழியை எடுத்துவரச் சொன்னேன். நான் "பத்து முறை விரலை மடக்குங்கள்" என்றால் மூன்றாவதிலேயே "போதும் தம்பி" என்பவர், புளியங்கொட்டையை வலக்கையால் பொறுக்கப் பார்த்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரவில்லை. கொட்டை நழுவி உருண்டது. இடக்கை தானாக முன்னே வந்தது. "அது கள்ள ஆட்டம்" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள் பேத்தி. நானாக இருந்தால் இரக்கப்பட்டு விட்டிருப்பேன். ஐந்தாவது கொட்டை குழியில் விழுந்தது. அப்பத்தா அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார், முதுகுக்குத் தலையணை இல்லாமல்!

நடையும் அப்படித்தான். வளவு என்கிற உள்முற்றத்துத் தூண்களை எண்ணிக்கொண்டு பிள்ளை முன்னே போகட்டும், வாக்கரோடு இவர் பின்னே வரட்டும். பலவீனமான பக்கத்தில் பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள்.

செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கப் பிள்ளையை விடாதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். ஆசையாக ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் விடாதீர்கள். விழுங்குவதில் சிக்கல் இருந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். ஆத்தங்குடிக் கல் தரையில் ஈரமும் பொம்மையும் கிடக்கக் கூடாது. சளி பிடித்த பிள்ளை குணமான பிறகு வரட்டும். பயந்து ஒதுங்கும் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள், தானாக வரும். "அப்பத்தா மாத்திரை சாப்பிட்டாரா, பார்த்து வந்து சொல்" என்று வேவு பார்க்க அனுப்பும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். பேத்தியிடம் மாட்டிக்கொண்டால் அந்தக் கிழவிக்கு மானம் போகும்.

பள்ளி திறந்ததும் பிள்ளை சென்னைக்குப் போய்விடுவாள். பல்லாங்குழியைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வீடியோ அழைப்பு வரும்போது போனை நீங்கள் பிடித்துக் காட்டாதீர்கள். அவரே இரண்டு கையாலும் பிடிக்கட்டும். பேத்தியின் நெற்றி மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை.