ஆசிட் சுட்டதா, தோல் அவசரப்பட்டதா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் அவர் மகள், முகப்பருவுக்கு மெடிக்கலில் ட்ரெட்டினாயின் க்ரீம் வாங்கித் தினமும் பூசியிருக்கிறாள். பத்தாம் நாள் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து தவிடு மாதிரி உரிகிறது. “போனில் தேடினால் இது ஆசிட் என்கிறார்கள். தோல் வெந்துவிட்டதா?” பக்கத்து வீட்டம்மா கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாராம். சுற்றிப் போட்டதோடு நிற்கட்டும். அந்தச் சாற்றை முகத்தில் தேய்த்துவிடாதீர்கள்.

வேகவில்லை. ட்ரெட்டினாயின் என்பது ரெட்டினாய்க் அமிலம், விட்டமின் ஏ வகையறா. கிருஷ்ணகிரி மாம்பழத்தின் மஞ்சளில் உள்ள பீட்டா கரோட்டினை வெட்டி, மாற்றி, கடைசியில் நம் உடல் செய்துகொள்வதும் இதைத்தான். பேட்டரி ஆசிட்போல இது அரிப்பதில்லை, சேதி சொல்கிறது.

மேல்தோலின் அடி வரிசையில் செல்கள் பிரிந்து, மேலேறி, செத்துத் தட்டையாகி உதிரும். ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். பள்ளியில் படித்ததுதான். சேதி போய்ச் சேரும் இடம் செல்லின் உட்கரு. அங்கே டிஎன்ஏ மேல் ஆர்ஏஆர், ஆர்எக்ஸ்ஆர் என்று இரண்டு புரதங்கள் ஜோடியாக உட்கார்ந்து சில மரபணுக்களை அடக்கி வைத்திருக்கின்றன. ரெட்டினாய்க் அமிலம் வந்து ஆர்ஏஆரின் பள்ளத்தில் பொருந்தியதும் அதன் வடிவமே மாறுகிறது. தடுத்துக்கொண்டிருந்த துணைப் புரதங்கள் கழன்றுகொள்ள, மரபணு வேலையைத் தொடங்குகிறது.

அடுத்ததுதான் அழகு. பிரிய வேண்டியது அடி வரிசைச் செல். சேதி கேட்பதோ அதற்கு மேல் வரிசை! அது எச்பி-ஈஜிஎஃப் என்ற புரதத்தைக் கசியவிட, கீழே உள்ளவை மளமளவென்று பிரிகின்றன. எலித்தோலில் இந்த ஜோடியை வரிசை வரிசையாக நீக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். நம்மூரில் இதற்கு நிதி கேட்டால், எலிக்குத் தோல் உரிவதால் யாருக்கு லாபம் என்று கோப்பை மூடிவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் லோடு குவிந்தால் பெட்டிகளை எப்படி அடுக்குவார்கள்? இங்கேயும் அதே அவசரம்தான். செல்களுக்கிடையே பிடிப்பு தளர்கிறது, மேலே செத்த அடுக்கு மெலிகிறது, ஈரம் வேகமாக ஆவியாகிறது. சோப்பு பட்டாலே எரிகிறது. கூடவே அழற்சியும் சேர்ந்து சிவக்கிறது. ஆனால் அடியில் உயிருள்ள அடுக்கு தடிக்கிறது. ‘தோலே போய்விட்டது’ என்பது சரியில்லை.

அதற்காக ஆபத்தில்லை என்று சொல்ல மாட்டேன். நம் மாநிறத் தோலில் அழற்சி ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மேலுதட்டில் வேக்ஸ் போட்டால் தோலும் சேர்ந்து வரலாம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது? சில நாள் நிறுத்திவிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும் போடட்டும். எரிச்சல் அடங்கியபின், இரவில், நன்றாகக் காய்ந்த முகத்தில், முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பவள் என்றால் சன்ஸ்கிரீன் கட்டாயம். வீங்கினாலோ நீர் வடிந்தாலோ தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுவினோன், மொமெட்டசோன் என்றும் இருந்தால் அது பரு மருந்தே இல்லை, மங்குக்கான மூன்று மருந்துக் கலவை. சிவப்பழகு க்ரீம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. தோலை உண்மையிலேயே மெலியவைப்பதும், விட்டதும் முகத்தைச் சிவக்கவைப்பதும் அதுதான். அந்தப் பெயர் இருந்தால், மேலே சொன்ன பட்டாணிக் கணக்கு உங்களுக்கு இல்லை. டியூபைக் கையில் எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.