கலாஞ்சோ மீண்டும் பூக்க இரவை நீட்டுங்கள்

"வாங்கும்போது பூத்துக் குலுங்கிய கலாஞ்சோ, ஓராண்டாக வெறும் இலையாகவே தழைக்கிறதே, உரம் போதவில்லையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உரத்தில் குறையில்லை. இருட்டுதான் போதவில்லை.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இந்தச் சதைப்பற்றுச் செடி, பகல் குறுகும் காலத்தில் பூப்பது. ஆனால் அது அளப்பது இரவை. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம், 660 நானோமீட்டர் சிவப்பொளி பட்டால் செயல்படும் வடிவத்துக்கு மாறும். 730 நானோமீட்டர் தொலைசிவப்பொளி (சிவப்பை அடுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் பழையபடி திரும்பும். வெயிலில் செயல்படும் வடிவம் மிகுந்திருக்கும். பூப்பதைத் தடுக்கும் அந்த வடிவம் இருட்டியபின் மெல்லக் குறையும். நள்ளிரவில் சில நிமிடம் சிவப்பொளி விழுந்தாலே போதும், அந்த இரவு கணக்கில் சேராது. உடனே தொலைசிவப்பைக் காட்டினால், இவ்வகைச் செடிகள் பலவற்றில் அந்தக் கெடுதலும் நீங்கிவிடுகிறது! கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ, அதன் சொல்தான் செல்லும்.

இன்னும் வியப்பு: அளப்பது இலை, பூப்பது நுனி. கலாஞ்சோவில் ஒரே ஓர் இலைக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தாலும் அதற்கு மேலுள்ள நுனி மொட்டு விடும். இலையிலிருந்து ஏதோ ஒன்று ஏறிச் செல்கிறது என்று ஊகித்து, 1930களிலேயே அதற்குப் புளோரிஜன் என்று பெயரிட்டார்கள். அது எஃப்.டி. என்ற புரதம் என்பதற்கு வலுவான சான்று 2007இல்தான் கிடைத்தது. உடனடிப் பயனை மட்டுமே கேட்கும் நிதிக்குழு எதுவும் இவ்வளவு காலம் பொறுத்திருக்காது. அடிப்படை ஆய்வுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பேன்.

இனி செய்முறை. மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை செடியை ஒளி புகாத அட்டைப்பெட்டியால் மூடுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். ஆறு வாரம் ஒருநாளும் தவறக்கூடாது. இடையில் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும், ஓட்டை வழியே அறை விளக்கு கசிவதும்தான் பலருக்குக் காரியத்தைக் கெடுக்கின்றன. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. கடும் வெக்கையில் மொட்டு தாமதமாகும். மொட்டு தெரிந்ததும் பெட்டியை எடுத்துவிடலாம்.

மண் கலவையில் பாதி பெருமணலோ பெர்லைட் என்ற எடை குறைந்த வெண்ணிறக் கனிமத் துகளோ இருக்கட்டும். மேல்மண் 3 செ.மீ. காய்ந்த பிறகே தண்ணீர்; தட்டில் தேங்கினால் வேர் அழுகும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். வாடிய பூங்கொத்தைக் காம்போடு வெட்டிவிடுங்கள். சில ஆண்டுகளில் தண்டு முற்றிக் கட்டையாகும்போது, 8 செ.மீ. நுனித்துண்டை வெட்டி, வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நட்டால், அதே செடி இளமையாகத் தொடரும்.